பச்சை கூடின இடம்

வாசலில் எரிவாயுக் குழாய் மாற்றுகிறார்கள். நடைபாதையை ஒட்டி வாய்க்கால் போல ஒரு பள்ளம் காலையிலிருந்து நீண்டுகொண்டே வருகிறது. நேற்று நல்ல மழை. ஊறிய செம்மண்ணை இயந்திரம் புரட்டிப் போட்டதும் அந்த வாசனை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனேன். பள்ளத்தின் விளிம்பில் நின்று அதன் சுவரைப் பார்த்தேன். மேலே ஒரு சாண் கறுப்பு மண். அதன் கீழே செங்கல் பொடி நிறம். ஓரிடத்தில் மட்டும் அந்தச் சிவப்பை வெட்டிக்கொண்டு பழுப்பாக ஒரு திட்டு இறங்கியிருந்தது.

"ஏதாவது தொலைத்துவிட்டீர்களா, மேடம்?" என்று மஞ்சள் தொப்பி போட்ட வேலையாள் ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். ஆனால் அங்கிருந்து நகர முடியவில்லை. உள்ளே போய், கராஜில் தோட்டச் சாமான்களோடு கிடந்த உன் கரணையை எடுத்து வந்தேன்.

கொத்தனார் சாந்து பூசும் சாதாரணக் கரணைதான் அது. அரத்தால் தீட்டித் தீட்டி அதன் முனையைப் பாதியாகக் குறைத்திருந்தாய். அதன் மரப்பிடியில் உன் கட்டைவிரல் பதிந்த பள்ளம் இருக்கிறது. என் விரல் அதில் சரியாக உட்காராது. என்றாலும் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

நாம் சந்தித்தது இங்கத்து ஊராட்சியான டவுன்ஷிப்பின் கூட்டம் ஒன்றில். எங்கள் வாரப் பத்திரிகைக்காக நான் எல்லாத் திட்டக்குழுக் கூட்டங்களுக்கும் போவேன். யார் எங்கே என்ன கட்டப்போகிறார்கள், அதற்கு யார் ஆட்சேபம் சொல்கிறார்கள் என்று எழுதுவதே என் வேலை. அன்று இடைவேளையில் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேறு படிந்த பூட்ஸோடு நீ எதிரில் வந்து நின்றாய். "நார்த்தங்கா தானே?" என்று கேட்டாய். பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னாய். அது தொண்ணூறுகளின் தொடக்கம். இந்த ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவைச் சுற்றியிருந்த சோளக்கொல்லைகள் ஒவ்வொன்றாக அபார்ட்மென்ட்களாக மாறிக்கொண்டிருந்த காலம். ஒரு நிலத்தில் கட்டடம் எழுப்புமுன் அங்கே பழைய மனிதர்களின் சுவடு எதுவும் கிடக்கிறதா என்று தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நீ இருந்தாய். நம் ஆட்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய எத்தனையோ வீடுகளின் அடிநிலத்தை அவர்களுக்கு முன்னாலேயே பார்த்தவள் நீ.

"ஊர்ல எல்லாவனும் கம்ப்யூட்டர். மண்ணைக் கட்டிட்டு நான் ஒருத்தி, பேப்பரைக் கட்டிட்டு நீ ஒருத்தி. நமக்கு நாமதான்டி கதி" என்பாய். அமெரிக்கா வந்து எத்தனை வருஷமானாலும் திருநெல்வேலியின் 'ஏட்டி' உன் வாயிலிருந்து போகவில்லை. பிறந்தநாள் விருந்துகளில் யாராவது உன்னிடம், "தோண்டுறப்போ கிடைக்கிற தங்கத்தையெல்லாம் யார்கிட்ட குடுப்பீங்க?" என்று கேட்பார்கள். "உடஞ்ச பீங்கான்தான் சார் கிடைக்கும். ஒரு பை நிறைய இருக்கு, தரட்டுமா?" என்பாய். உன் நகக்கண்களில் எப்போதும் செம்மண் இருக்கும். ஆன்ட்டிகள் அதை மருதாணி என்று நினைத்து, எங்கே வாங்கியது என்று விசாரிப்பார்கள்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்து குழியை மூடும் நேரத்தில் மண் தள்ள வரும் இயந்திரத்தைக் கை காட்டி நிறுத்துவாய். குழியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக நடந்து இரண்டு சுவர்களையும் பார்ப்பாய். அதன் பிறகுதான் சரி என்று தலையசைப்பாய். எல்லாம்தான் பார்த்தாகிவிட்டதே, இன்னும் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். "மூடுததுக்கு முன்னால ஒருக்கா பாத்துக்கணும்டி. மூடினப்புறம் பாக்க முடியாதுல்லா?" என்றாய். குக்கரை மூடும்போதும் அதையே சொல்வாய். அதில் தண்ணீர் ஊற்ற நான் மறந்த நாள்கள் உண்டு.

நான் எழுத உட்கார்ந்தது நம் கோவிலுக்கு வாங்கிய நிலத்தைப் பற்றி.

அப்போது நமக்கு இங்கே கோவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேஃபிடீரியாவை வாடகைக்கு எடுத்துப் பூஜை செய்வோம். கமிட்டித் தலைவர் சுந்தரம் சார் தன் வேனில் பிள்ளையாரைக் கொண்டுவருவார். கருங்கல் விக்கிரகத்தைச் சுற்றி ஒரு ரஜாய்ப் போர்வை. அதன் குறுக்கே சீட் பெல்ட். பூஜை முடிந்ததும் மறுபடி ரஜாய், மறுபடி சீட் பெல்ட். "இவருக்கு ஒரு கூரை போட்டுட்டேன்னா நான் நிம்மதியா ரிட்டயர் ஆயிடுவேன்" என்பார் அவர். மருந்துக் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்த அந்த மனிதர், வார இறுதிகளில் வீடு வீடாகப் போய்க் கோவிலுக்காகப் பேசினார். கடைசியில், வடக்கே அரைமணி தூரத்தில், நடுவில் ஓடை ஓடும் ஒரு புல்வெளியை வாங்க முடிந்தது.

டவுன்ஷிப் அனுமதி வருவதற்கு முன்பே பூமி பூஜை வைத்துவிட்டார்கள். நல்ல முகூர்த்தம் அந்தச் சித்திரையை விட்டால் இல்லை என்று குருக்கள் சொல்லிவிட்டார். நிலத்தை உழுது நவதானியம் விதைக்க வேண்டும் என்பது முறை. இங்கே காளைக்கு எங்கே போவது? பக்கத்துப் பண்ணைக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவந்தார். அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பண்ணைக்காரர் நெற்றியிலும் யாரோ ஒரு பொட்டு வைத்தார்கள். அவர் அதைத் துடைக்காமல் நாள் முழுவதும் ஓட்டினார். கருவறை வரப்போகும் இடத்தை ஒட்டி ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு உழுதாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் ஒரு கை தானியம் எடுத்துத் தூவியது. ஒரு பெரிய அலுமினியத் தட்டில் புளியோதரை கிளறிக் கொண்டுவந்திருந்த நீயும் தூவினாய். கொஞ்சம் அதிகமாகவே தூவினாய். "எனக்கும் சேத்து" என்று நான் சொன்னதால்தான்.

பிறகு டவுன்ஷிப் ஒரு நிபந்தனை போட்டது. பழைய வரைபடம் ஒன்றில் அந்தப் பக்கம் ஒரு பண்ணைவீடு காட்டியிருந்தது, அதனால் நிலத்தைச் சோதித்துவிட்டுத்தான் அனுமதி என்றார்கள். வேலை உன் நிறுவனத்துக்கே வந்தது. நீ உடனே உன் மேலாளரிடம் போய், நான் அந்தக் கோவிலைச் சேர்ந்தவள், அங்கே தானியம் விதைத்திருக்கிறேன் என்று சொன்னாய். நல்லது, உனக்கு வழி தெரியும் என்று அவர் சிரித்தார். சுந்தரம் சாருக்கோ ஒரே சந்தோஷம். "நம்ம பொண்ணே செக் பண்ண வர்றா. இனிமே என்ன!"

சோதனை தொடங்கிய அன்று உனக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு செய்தியும் தேடி வந்தேன். சுந்தரம் சார் எனக்கு முன்பே வந்து, கையில் ஒரு போட்டோவோடு நின்றிருந்தார். புல்வெளியோரத்தில் ஏணி போட்டு ஏறி எடுத்ததாம்.

"பாருங்கம்மா! ரெண்டு வாரமா மழை இல்ல. சுத்தி எல்லாம் வாடிப்போய்க் கிடக்கு. இங்க மட்டும் எப்படிப் பச்சைப் பசேல்னு வந்திருக்கு பாருங்க. அதுவும் யாரோ பாத்தி கட்டின மாதிரி வரிசையா! பூமாதேவி ஓகே சொல்லிட்டான்னு நான் எல்லாருக்கும் பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டேன்."

நீ போட்டோவை வாங்கினாய். ஒருமுறை பார்த்தாய். பிறகு அதைத் திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தாய். "நல்லா எடுத்திருக்கீங்க சார்" என்று கொடுத்துவிட்டு விதைத்த நிலத்தைப் பார்த்து நடந்தாய். ஒன்றும் புரியாமல் டிபன் பாக்ஸோடு பின்னால் வந்தேன்.

பாசிப்பயறும் மொச்சையும் கொள்ளும் முளைத்திருந்தன. பெரும்பாலான இடத்தில் விரல் உயரம், நுனி மஞ்சளாக. ஆனால் அங்கங்கே நீள்சதுரமாகச் சில திட்டுகளில் மட்டும் கணுக்கால் உயரம், கரும்பச்சை. நீ குந்தி உட்கார்ந்து ஒரு செடியை விரலால் நிமிர்த்திப் பார்த்தாய்.

"நீ இப்ப ரிப்போர்ட்டரா வந்திருக்கியா, சோறு கொண்டு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்பம் சோத்தைக் கீழ வச்சிட்டுப் பேசாம நில்லு."

நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நீயே சொன்னாய். இங்கே ஒரு முழத்துக்குக் கீழே பாறை போல இறுகின மண். வேர் இறங்காது, மழை இல்லாவிட்டால் பயிர் வாடிவிடும். ஆனால் எப்போதோ ஒருமுறை ஆழமாக வெட்டி மூடின இடத்தில் மண் பழையபடி இறுகுவதே இல்லை. அங்கே வேர் இறங்கும், ஈரம் நிற்கும்.

"நீளத்தைப் பாருட்டி. ஆள் நீளம். எல்லாம் கிழக்கு மேற்கா, இந்த ஊர்ல அடக்கம் பண்ணுத மாதிரி. பக்கத்துப் பக்கத்துல" என்றாய். பிறகு வரிசையின் கடைசியைக் காட்டினாய். "அது மட்டும் சின்னதா இருக்கு பாத்தியா?"

பார்த்தேன். ஒரு தொட்டில் அளவுதான் இருக்கும். மற்ற எல்லாவற்றையும்விட அங்கேதான் மொச்சை செழித்திருந்தது.

சோதனைக் குழிகள் எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று முன்பே வரைந்து அடையாளக் கொடியும் நட்டிருந்தார்கள். ஒரு நிலம் முழுவதையும் யாரும் தோண்டுவதில்லை. இடைவெளி விட்டு நீளமாகச் சில கோடுகள், அவ்வளவுதான். அந்தப் பச்சைத் திட்டுகள் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தன. எந்தக் குழியும் அவற்றைத் தொடாது. நீ வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி அதில் உட்கார்ந்தாய். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"சொல்லாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. கொடி நட்ட இடத்துல தோண்டுவோம். ரெண்டு ஆணி கிடைக்கும், ஒரு குப்பிச் சில்லு கிடைக்கும். எழுதிக் குடுத்துருவோம். பிள்ளையார் வந்து மேல உக்காந்துருவாரு. ஒரு ஈ காக்காக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

"அதான். எனக்குத் தெரியும். அப்புறம் அந்தப் பிள்ளை மேல காலை வச்சு எப்படிட்டி பிரகாரம் சுத்துவேன்? எனக்கும் ஒரு கோவில் வேணும்லா?"

நீ அழவில்லை. கையில் ஒட்டிய மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அந்தக் கோவிலுக்காக மற்றவர்கள் ஏங்கியதைவிட நீ குறைவாக ஏங்கவில்லை. ஞாயிறுதோறும் கேஃபிடீரியா மேசைகளை மடக்கி, தரையில் சிந்திய கெட்ச்சப்பைத் துடைத்துக் கோலம் போடுபவள் நீதான். வாய் திறந்தால் எல்லோர் கோவிலும் போகும், அதோடு உன் கோவிலும். திறக்காவிட்டால் எல்லோருக்கும் கோவில் கிடைக்கும், உனக்கு மட்டும் கிடைக்காது.

எழுந்து மேலாளரிடம் போனாய். நடுவில் ஒரு குழி சேர்க்க வேண்டும் என்றாய். காரணம் கேட்டார். பயறு என்றாய். இத்தனை வருஷத்தில் பயறைக் காட்டிக் குழி கேட்ட முதல் ஆள் நீதான் என்றார். ஆனால் வந்து பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தானே ஒரு கொடியை எடுத்து வந்து நட்டார்.

பொக்லைன் வந்தது. பல் இல்லாத, விளிம்பு வழுவழுப்பான தொட்டி மாட்டியிருந்தார்கள். தோசை திருப்புவது போல மேல்மண்ணை மெல்லிசாகச் சீவிச் சீவி எடுத்தது. நீ அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை மேலே போனது. இயந்திரம் நின்றது. முழங்காலிட்டுக் கரணையால் சுரண்டினாய். சிவப்பு மண்ணில் கோடு போட்டது போல நேரான விளிம்பு தெரிந்தது, அதற்குள் கலங்கின பழுப்பு. அதற்குமேல் நீ தோண்டவில்லை. தோண்டத் தேவையும் இல்லை, உரிமையும் இல்லை என்றாய். மாலைக்குள் எல்லா விளிம்புகளும் தெரிந்துவிட்டன. சின்னதும் தெரிந்தது.

சுந்தரம் சார் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தார். குழியோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பழைய வீட்டு அஸ்திவாரமா?"

"இல்ல சார்."

"செப்டிக் டேங்க் ஏதாவது…"

"இல்ல சார். மனுஷங்க."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. உன் முகத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில் கேட்டார்: "அந்தக் கடைசில இருக்கறது ஏம்மா சின்னதா இருக்கு?"

"குழந்தை, சார்."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு, வெறும் சாக்ஸில், அந்த வெட்டிய மண்ணில் நின்றார். நீயும் எழுந்து நின்றாய். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

அந்த ஒரு காட்சியோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே சுந்தரம் சார் கேஃபிடீரியாவில் மைக்கைப் பிடித்து, மரியாதையாக எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது, வக்கீலிடம் கேட்டுவிட்டேன் என்றார். பலர் தலையசைத்தார்கள். "எலும்பு இல்லாத மண்ணு உலகத்துலயே கிடையாது சார்" என்றார் ஒருவர். "கொடி நட்ட இடத்துல மட்டும் பாத்துட்டுப் போயிருக்கலாமேம்மா, யார் கேட்டா?" என்றது ஒரு பெண் குரல். பின்வரிசையிலிருந்து யாரோ, "நம்ம பொண்ணே நமக்குக் குழி பறிச்சிட்டா" என்றார்.

நீ எழுந்தாய். கோலமாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாய்.

"நான் பறிக்கல சார். அது அவங்களுக்கு யாரோ பறிச்சது. நான் பாத்தேன், அம்புட்டுதான்."

அவர்கள் யார் என்று ஒரு பெரியவர் கேட்டார். நிச்சயமாகத் தெரியாது என்றாய். கல் இல்லை, பெயர் இல்லை, எந்தச் சர்ச்சிலும் பதிவு இல்லை. இந்த ஜெர்சியிலும் ஒரு காலத்தில் ஆட்களை விலைக்கு வாங்கிப் பண்ணையில் வேலை வாங்கியிருக்கிறார்கள், அவர்களாக இருக்கலாம் என்றாய். உடனே ஒருவர் நெகிழ்ந்துபோய், "அப்போ நம்மள மாதிரி ஊர விட்டு வந்தவங்க" என்று தொடங்கினார்.

"நம்ம விசா வாங்கிட்டு வந்தோம் சார்" என்றாய்.

அவர் உட்கார்ந்துவிட்டார். குருக்கள் அதுவரை பிள்ளையார் பக்கத்தில் நின்று விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு, மைக் இல்லாமலே பேசினார்.

"நவதானியம் எதுக்கு விதைக்கறோம்? இந்த இடம் ஆகுமான்னு பூமிகிட்ட கேக்கறோம். சாஸ்திரம் அதுதான். கேட்டாச்சு. பதிலும் சொல்லிடுத்து. நமக்குப் படிக்கத் தெரியல, இந்தப் பொண்ணு படிச்சுச் சொன்னா. பதில் பிடிக்கலேன்னா பூமியை மிரட்டப்படாது."

சுந்தரம் சார் மைக்கை மேசையில் வைத்தார்.

கோவில் ஓடைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. நடுவில் நீர் ஓடினால் அது எல்லை, அதற்கு அப்பால் வேறு நிலம்தான் என்று குருக்கள் ஒப்புக்கொண்டார். வரைபடம், அனுமதி எல்லாம் முதலிலிருந்து. நினைத்ததைவிட மண்டபம் சிறியது, கார் நிறுத்த இடம் குறைவு. இன்னும் சில வருஷங்கள் பிள்ளையார் சீட் பெல்ட்டோடு வேனில் போய்வந்தார். உன்னோடு பேசுவதைப் பலர் நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு நீ கொண்டுபோன புளியோதரைத் தட்டு, போனபடியே திரும்பி வந்தது. நாம் இருவரும் என் சமையலறையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். "புளியோதரை ரெண்டாம் நாள்தான்டி ருசி" என்றாய். மூன்றாம் நாளும் அதையே சொன்னாய்.

என் பத்திரிகையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். சாபம், ஆவி என்று தலைப்பு வைக்க ஆசிரியருக்குக் கொஞ்சம் சபலம் இருந்தது. பேசி மாற்றினேன். நீ அதைப் படித்துவிட்டு, "மொச்சைன்னு எழுதாம பீன்ஸ்னு எழுதிட்டியே" என்று மட்டும் குறை சொன்னாய்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மறுபடி உழுது, மறுபடி விதைத்தார்கள். இம்முறை முளைத்ததும் குருக்கள் யாரையும் போட்டோ எடுத்துக் காட்ட விடவில்லை. முதலில் உன்னைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு மாலை நேரம் நாம் போனோம். ஓடைப் பாலத்தருகே குருக்களும் சுந்தரம் சாரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் போல நின்றார்கள். நீ செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாய். திரும்பி வேறு வரிசையில் நடந்தாய். குனிந்து, வெயில் சாய்வாக விழும் பக்கத்திலிருந்து பார்த்தாய்.

"சமமா முளைச்சிருக்கு சாமி" என்றாய். "யாரும் இல்ல."

சுந்தரம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிச்சயமாத்தானேம்மா?" என்றார். "நிச்சயமா சார். கூரை போடுங்க" என்றாய்.

கும்பாபிஷேகத்தன்று நீ முன்வரிசைக்கு வரவில்லை. செருப்பு வைக்கும் இடத்தருகே, குழந்தைகள் ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றாய். கூட்டம் குறைந்த பிறகு உள்ளே போனாய். பிரகாரம் சுற்றினாய். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. போதும் வா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். காதில் வாங்காமல் சுற்றிக்கொண்டிருந்தாய்.

பழைய இடத்தைச் சுற்றி வேலிச்செடி வளர்ந்து அடர்ந்துவிட்டது. வருஷாவருஷம் மகாளய அமாவாசையன்று சுந்தரம் சார் வீட்டில் தர்ப்பணம் முடித்துவிட்டு ஒரு செம்போடு அங்கே போவார். தர்ப்பணத்தின் கடைசியில், கேட்க நாதியில்லாமல் போனவர்களுக்காக ஒரு கை எள்ளும் நீரும் விடுவது வழக்கம். அதை மட்டும் வீட்டில் விடாமல் அங்கே கொண்டுவந்து விடுவார். இதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கும் தற்செயலாகத்தான் தெரிந்தது. மொச்சை இன்னும் தானாக முளைக்கிறதா என்று பார்க்க நீ ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தாய். ஒரு தடவை இருவரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டீர்கள்.

நீ போனது இதெல்லாம் முடிந்து வெகுநாளைக்குப் பிறகு, பனி முழுவதும் உருகாத ஒரு வசந்தத்தில். அந்த நோயைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். இறுதிச் சடங்கு நடத்தும் அந்தக் கட்டடத்தில் கார்ப்பெட் போட்ட அறை, மெல்லிய வாத்திய இசை, பெட்டிக்குள் உன் அரக்குப் பட்டு. குருக்கள் மந்திரம் சொல்லி முடித்தார். சுந்தரம் சாரை யாரோ தாங்கிப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். பிறகு கறுப்பு சூட் போட்ட ஒரு மனிதர் மூடியின் மேல் கை வைத்து, மூடலாமா என்பது போல எங்களைப் பார்த்தார். எல்லோரும் தலையசைத்தார்கள்.

நான் கை காட்டி நிறுத்தினேன்.

உன் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நெற்றி. மூக்குத்தி. மடித்து வைத்த கைகள். உன் நகங்கள் வெள்ளையாக, துப்புரவாக இருந்தன. நகக்கண்ணில் ஒரு பொட்டு மண் இல்லை. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன். பிறகு தலையசைத்தேன்.

இன்று வாசலில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினேன். மஞ்சள் தொப்பிக்காரர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் கரணையால் அந்தப் பழுப்புத் திட்டின் ஓரத்தைச் சுரண்டினேன். நேரான விளிம்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்பாய். மனிதன் வெட்டியிருந்தால் நேராக இருக்கும். இது நேராக இல்லை. வட்டமாக, அங்கங்கே விரல் நீட்டியது போல இருந்தது. இன்னும் சுரண்டியதும் உளுத்த வேர் ஒன்று கையோடு வந்தது. எந்தக் காலத்திலோ இங்கே நின்ற ஒரு மரம்.

"மரம்தான்" என்றேன்.

"நான் அப்போதே நினைத்தேன்" என்றார் அவர். "அப்படியானால் மூடலாமா?"

ஒரு நிமிஷம் என்றேன். பள்ளத்தின் அந்த முனைக்குப் போய், இந்த முனைவரை இரண்டு சுவர்களையும் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து வந்தேன். பிறகு மேலே ஏறி வந்து அவருக்குத் தலையசைத்தேன்.